அப்பா பக்கத்து பிரேக்

மார்ச் 2

அப்பாவுக்கு,

அம்மா சொன்னது உண்மையா? உண்மை என்றால் எனக்கு இப்போதே தலை இடிக்கிறது.

எங்கள் சைக்கிள் டீம் வருஷத்துக்கு ஒருமுறை பொதுமக்களோடு ஒரு சவாரி நடத்தும். டீமுக்குச் செலவு செய்கிற டயர் கம்பெனியின் ஏற்பாடு அது. பந்தயம் ஓட்டுகிற நாங்கள் இருபது இருபது பேர் கொண்ட கூட்டங்களுக்குள் கலந்து, அவர்களோடு சிரித்துப் பேசியபடி அறுபது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கேட்டவர்களோடு எல்லாம் போட்டோவுக்கு நிற்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் சைக்கிள் பைத்தியங்கள். டயரில் எவ்வளவு காற்று என்று தூக்கத்திலும் யோசிக்கிறவர்கள். அதில் நீங்கள் பெயர் கொடுத்திருக்கிறீர்களாம்! டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முப்பது வருஷமாக ஊரையே ஓட்டவைத்தீர்கள், சரி. நீங்கள் சைக்கிளில் ஏறி நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே.

எதற்காக வருகிறீர்கள்? ஆடிட்டர் ஆபீஸ் வேலையை நான் விட்ட அன்று, "சைக்கிள் ஓட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டீர்கள். நான் பெட்டியைக் கட்டினேன். அதன்பிறகு போனில் பேசிய ஒவ்வொரு முறையும் நம் இருவருக்கும் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்த அம்மாதான் கடைசியில் சட்டம் போட்டாள். "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசக்கூடாது. எழுதிக்கோங்க. கை வலிச்சாவது நிறுத்துவீங்க." அதனால்தான் எழுதுகிறேன். கை இன்னும் வலிக்கவில்லை.

போன வருஷம் எனக்குத் தெரியாமல் எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டு, "இந்த வேலைக்குப் பென்ஷன் உண்டா?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து டீமில் என் பெயர் பென்ஷன். "பென்ஷன், தண்ணி கொண்டா." "பென்ஷன், முன்னாடி போய் காத்தை மறை." மெக்கானிக்குக்கூட என் உண்மையான பெயர் மறந்துபோய்விட்டது.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இந்த வருஷம் ஒன்பது நாள் நடக்கிற பெரிய பந்தயத்துக்கு ஆறு பேர் போகிறோம். ஐந்து பேர் முடிவாகிவிட்டது. ஆறாவது இடம் எனக்கா, இன்னொருத்திக்கா என்பதை இந்தச் சவாரி முடிந்த பிறகுதான் மேனேஜர் சொல்வார். அந்த இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் எனக்கு ஒப்பந்தம் கிடைப்பது சந்தேகம். நீங்கள் நினைத்தபடியே நான் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டியதுதான்.

ஆகையால் வராதீர்கள். வந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றால் ஒரே நிபந்தனை. நீங்கள் என் அப்பா என்பது அங்கே ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது.

மகள்


மார்ச் 7

மகளுக்கு,

நீ "அன்புள்ள" போடவில்லை. நானும் போடவில்லை. சரியாகிவிட்டது.

விளம்பரத்தில் பதினாறு வயது முதல் அறுபத்தைந்து வயது வரை யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எனக்கு ஐம்பத்தெட்டு. நான் உன் அப்பாவாக வரவில்லை, பொதுமக்களாக வருகிறேன். பொதுமக்களை வராதே என்று தடுக்க நீ யார்?

பென்ஷன் விஷயத்தை இன்னும் எத்தனை தடவை சொல்லிக் காட்டுவாய்? கேட்டதில் என்ன தப்பு? கால் உடைந்தால் யார் பார்ப்பது என்றும்தான் கேட்டேன். அதற்கு அந்த மனிதர் சிரித்தார். சிரித்தால் பதில் சொன்னதாக ஆகிவிடுமா? என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் வீட்டார் இதைவிட மோசமான கேள்விகளைக் கேட்கிறார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் உட்காரவைத்துப் பதில் சொல்கிறேன்.

சைக்கிள் வாங்கிவிட்டேன். அந்த இறுக்கமான கால்சட்டையும் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது உன் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் போய் அதைச் சொல்லியிருக்கிறாள். நேற்று சர்க்கரை பார்க்கப் போனபோது அங்கே ஊசி போடுகிற பெண் என் கால்களையே பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்துக்கடைக்காரர் தலைமையில் ஒரு குழு போகிறது. அவர்களோடு பழகிக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்லட்டுமா? அவர்களுக்கு ஓட்டவே தெரியவில்லை. முன்னால் போகிறவரின் சக்கரத்தில் மூக்கை உரசிக்கொண்டு போகிறார்கள். நான் முறைப்படி இடைவெளி விட்டுப் போனால், "சார், ஏன் பின்தங்குறீங்க? ஒட்டி வாங்க, காத்து அடிக்காது" என்கிறார் மருந்துக்கடைக்காரர். "முன்னால போறவர் திடீர்னு நின்னா?" என்று கேட்டேன். "அவர் ஏன் சார் நிக்கப்போறாரு?" என்கிறார்.

ஏன் நிற்கப்போகிறாராம்! நாய் வரும், பந்து வரும், பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை வரும். எங்கள் கார்களில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருக்கிறதே, அது எதற்கு? ஓட்டுகிறவருக்குத் தெரியாத ஆபத்து பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும் என்பதற்காக. டாக்சியில் போனாலும் என் கால் தானாகத் தரையை மிதிக்கிறது என்று நீயும் அம்மாவும் கேலி செய்வீர்கள். அந்தக் காலால் எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உன் விஷயத்திலும் நான் அதைத்தான் மிதித்தேன். நீதான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாய்.

உன் நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறேன். யார் கேட்டாலும் எனக்கு அங்கே யாரும் இல்லை.

இப்படிக்கு,
பொதுமக்களில் ஒருவர்


மார்ச் 11

பொதுமக்களில் ஒருவருக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவள் எழுந்து உட்கார்ந்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

பட்டியலைப் பார்த்தேன். உங்கள் எண் 214. மூன்றாவது கூட்டம். நானும் எங்கள் கேப்டனும் அதே கூட்டம். எனக்கு வாய்த்த யோகம் அப்படி.

மருந்துக்கடைக்காரர் சொல்வதுதான் சரி. தயவுசெய்து காரை மறந்துவிடுங்கள். கூட்டத்தில் பிரேக் என்பது கெட்ட வார்த்தை. அங்கே யாரும் திடீரென்று எதையும் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகிறோம். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு உங்கள் முதுகு மட்டும்தான் தெரியும், சாலை தெரியாது. வேகம் குறைய வேண்டும் என்றால் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், காற்றே பிடித்து நிறுத்தும். பள்ளம் வந்தால் கையால் காட்டிவிட்டு வாயால் கத்துங்கள். திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். இங்கே கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, மறுபடி கண்ணாடி பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது.

கடைசி வரிசையில் வாருங்கள். கடைசி வரிசை என்றால் கடைசி வரிசை. கேப்டனிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவள் நல்லவள்தான், ஆனால் ஒரு சொல்லைப் பிடித்தால் விடமாட்டாள். அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று இப்போதுதான் எனக்கு லேசாகத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கியது பற்றி: வண்டியைத்தான் நீங்கள் நகரவே விடவில்லையே அப்பா. நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்துதான் இறங்கினேன்.

சர்க்கரை எவ்வளவு இருந்தது? அதை எழுதவே இல்லை.

மகள்


மார்ச் 15

மகளுக்கு,

சர்க்கரை பரவாயில்லை.

கடைசி வரிசை. சரி. பேச மாட்டேன். சரி. பிரேக் கெட்ட வார்த்தை. அதையும் எழுதி வைத்துக்கொண்டேன். இருபது வயதுப் பையன்கள் என்னிடம் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்களோ அப்படிக் கேட்டுக்கொள்கிறேன், போதுமா?

கதவு விஷயத்துக்கு ஒரு பக்கம் பதில் எழுதினேன். உன் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை அனுப்பினா நான் உங்களுக்குச் சோறு போடமாட்டேன்" என்றாள். எனவே அந்தப் பக்கம் இங்கேயே இருக்கிறது.

அப்பா


மார்ச் 23

அப்பா,

ஏன் நின்றீர்கள்?

இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதிலும் அந்தக் கேள்வியைத் தவிர வேறெதுவும் வரவில்லை. ஏன் நின்றீர்கள்?

சாலையை மூடியிருந்தார்கள். குறுக்கே ஒரு வண்டி இல்லை. நாற்சந்தியில் போலீஸ்காரர் இரண்டு கையாலும் வா வா என்று வீசிக்கொண்டிருந்தார். விளக்குகள் மட்டும் அவை பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. சிவப்பு விழுந்தது. உடனே நீங்கள் இரண்டு பிரேக்கையும் முழுசாகப் பிடித்து, லைசென்ஸ் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி இடது காலை ஊன்றப் போனீர்கள். காலியான சாலையில், இருபது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் இத்தனை பேரை வைத்துக்கொண்டு! நான் டீம் காரிலிருந்து பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

கடைசி வரிசை என்று சொல்லியிருந்தேன். நீங்கள் இரண்டாவது வரிசையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

கேப்டனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது. ஏற்றத்தில் திணறுகிறவர்களின் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவது எங்கள் வழக்கம். அவள் உங்களைத்தான் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு கை உங்கள் முதுகில், ஒரு கை ஹேண்டில்பாரில். நீங்கள் பிடித்த பிரேக்குக்கு அவளால் என்ன செய்ய முடியும்? உங்கள் தலைக்கு மேலேயே பறந்து போய் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நீங்கள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். தாடையிலிருந்து ரத்தம் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. வலது கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்திருந்தீர்கள். முதலுதவிக்காரர் குனிந்து, "கூட யாராவது வந்திருக்காங்களா சார்?" என்று கேட்டார். நான் நாலடி தள்ளி கேப்டனின் தோளில் ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்து, "யாரும் இல்லைங்க, தனியாத்தான் வந்தேன்" என்றீர்கள்.

என் வாழ்க்கையில் நான் சொன்னதை நீங்கள் கேட்டது அந்த ஒரே தடவைதான். அதற்கு அந்த நேரமா கிடைத்தது? உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், நான் ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். உங்கள் மேல் இருக்கிற கோபத்தை விட என் மேல் அதிகமாக இருக்கிறது. அந்தக் கோபத்தையும் உங்கள் மேல்தான் காட்ட முடிகிறது.

இன்று காலை மேனேஜர் கூப்பிட்டார். கேப்டன் பெரிய பந்தயத்துக்கு வர முடியாது. இப்போது இரண்டு இடம் காலி. நானும் இன்னொருத்தியும் இருவருமே போகிறோம். எனக்கு இடம் கிடைத்துவிட்டது அப்பா. 214 யார் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது, ஆனால் அதை என்னோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தாடையில் எத்தனை தையல்? அம்மாவிடம் கேட்டால், "நீயே கேளு" என்று போனை வைத்துவிடுகிறாள்.


மார்ச் 28

மகளுக்கு,

மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து இப்படித்தான் இருக்கும். தாடையில் ஆறு தையல். சாப்பிடும்போது மட்டும் வலிக்கிறது. உன் அம்மா எல்லாவற்றையும் குழைத்துக் கரண்டியால் ஊட்டுகிறாள், ஊட்டிக்கொண்டே திட்டுகிறாள். வாயில் கரண்டி இருக்கும்போது பதில் சொல்ல முடியாது என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

முதலில் விளக்கு. சாலையை மூடுகிறவர்கள் விளக்கையும் அணைக்க வேண்டாமா? இதைக் கேட்டு மாநகராட்சிக்கு ஒரு மனு எழுத ஆரம்பித்தேன். உன் அம்மா பிடுங்கிவிட்டாள்.

நான் கடைசி வரிசையில்தான் கிளம்பினேன். கொடி வைத்திருந்த ஒரு தம்பி வந்து, "மெதுவா வர்றவங்க முன்னாடி போங்க, அப்போதான் கூட்டம் உங்க வேகத்துக்குப் போகும்" என்று என்னை இரண்டாவது வரிசையில் கொண்டுபோய் விட்டார். என் மகள் வேண்டாம் என்றாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. சிவப்பைப் பார்த்தேன் என்பதுகூட நினைவில்லை. கை பிடித்த பிறகுதான் பார்த்தேன். முப்பது வருஷமாக என் பக்கத்தில் யாரோ ஒருவர் சிவப்பைப் பார்க்காமல் போகிறார், நான் மிதிக்கிறேன். அந்தப் பழக்கம் கைக்கும் ஏறிவிட்டது போலிருக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்தக் கேப்டன் பெண்ணிடம். என்னால் ஒரு பெண்ணின் எலும்பு உடைந்துவிட்டதே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. என் காரில் இதுவரை ஒருவருக்கும் கீறல்கூட விழுந்ததில்லை.

அந்தக் கை உன்னுடையது என்று நினைத்தேன். ஏற்றத்தில் மூச்சு முட்டிக்கொண்டு வந்தபோது முதுகில் ஒரு கை வந்து மெல்லத் தள்ளியது. திரும்பிப் பார்க்காதே என்று நீ எழுதியிருந்தாய், அதனால் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியாமல் நீதான் வந்து தள்ளுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. போலீஸ்காரரின் கையைக் கவனிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எதற்கு வந்தேன் என்று முதல் கடிதத்தில் கேட்டாய். போன வருஷம் உனக்குத் தெரியாமல் மூன்று பந்தயத்துக்கு வந்து சாலையோரத்தில் நின்றேன். ஒவ்வொரு முறையும் ஒரு காற்று அடித்தது, நிறங்கள் போயின, முடிந்துவிட்டது. அதில் நீ எது என்றே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். யாருக்குத் தட்டினேன் என்று தெரியாமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். கூடவே ஓட்டினால்தான் உன்னைக் கொஞ்ச நேரம் பார்க்க முடியும் என்று தோன்றியது. அதனால்தான் பெயர் கொடுத்தேன்.

பார்த்தேன். நீ பின்னால் போவதும் பாட்டில்களோடு முன்னால் வருவதுமாக இருந்தாய். எல்லோருக்கும் கொடுத்தாய். நீ குடித்ததை நான் பார்க்கவில்லை. இதற்காகவா வீட்டை விட்டுப் போனாய் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். அந்த நெருக்கத்துக்குள் ஊசி நூல் மாதிரி நுழைந்து நுழைந்து போகிறாய், ஒருவரையும் தொடவில்லை, ஒருவரும் பயப்படவில்லை. நான் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் கை கிடையாது.

யாரிடமும் சொல்லாதே. உனக்கு இடம் கிடைத்துவிட்டது, அது போதும். கட்டுப் பிரித்ததும் 214 என்று போட்டு அந்தப் பெண்ணுக்கு நானே மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன். நீ வாயைத் திறக்காதே.

அப்பா


ஏப்ரல் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

திட்டுவதற்கு முன் முழுசாகப் படியுங்கள். நேற்று சாப்பாட்டு மேஜையில் மெக்கானிக் உங்களை மாதிரி நடித்துக் காட்டினார். நாற்காலியில் சைக்கிள் ஓட்டி, கண்ணை உருட்டி, "ஐயோ, சிவப்பு!" என்று காலை ஊன்றினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு வாரமாகத் தினமும் நடக்கிற நாடகம்தான். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், சிரிக்காவிட்டால் சந்தேகம் வரும் அல்லவா? ஆனால் நேற்று மத்தியானம் உங்கள் கடிதம் வந்திருந்தது. கோணல் மாணலாக, இடது கை எழுத்தில். மெக்கானிக் இரண்டாவது முறை காலை ஊன்றியபோது என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "போதும் நிறுத்துங்க. அது எங்க அப்பா."

மெக்கானிக் ஊன்றிய காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். மேனேஜர், "யாரு, பென்ஷன் கேட்டாரே, அவரா?" என்றார். ஆமாம் என்றேன். கேப்டன் கையைத் தொங்கவிட்ட கட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"அன்னிக்கு அவர் ரத்தத்தோட உக்காந்திருந்தாரு. நீ எனக்கு ஐஸ் பிடிச்சுக்கிட்டு நின்ன" என்றாள். நான் தலையை ஆட்டினேன். "அவர் பிரேக் பிடிச்சது தெரியாத்தனம். என் எலும்பு சேர்ந்துடும். ஆனா சொந்த அப்பாவைத் தெரியாதுன்னு நின்னவ சக்கரத்தை நம்பி நான் எப்படிப் பின்னால வர்றது?"

அப்பா, கூட்டத்தில் யாரும் திடீரென்று எதையும் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையைப் பற்றி உங்களுக்கு ஒரு பக்கம் பாடம் எடுத்தேனே, அந்தப் பெரிய மனுஷி நான்தான்.

இன்று காலை மேனேஜர் இரண்டாம் அணியிலிருந்து ஒருத்தியை என் இடத்தில் போட்டுவிட்டார். "அந்த அஞ்சு பேரும் உன்னோட ஓட்டத் தயங்குறாங்க. நான் என்ன செய்யட்டும்?" என்றார். பெரிய பந்தயம் எனக்கு இல்லை. ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

உங்கள் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஒரு கம்பத்து விளக்கால் இத்தனையும். ஆனால் அன்று நான் உங்கள் பக்கம் நாலடி நடந்து வந்திருக்க வேண்டும். அதற்கு விளக்கைக் குறை சொல்ல முடியாது. என்னை மன்னித்துவிடுங்கள்.

மகள்


ஏப்ரல் 8

அட முட்டாளே,

அறிவு என்று ஏதாவது இருக்கிறதா உனக்கு? ஆறு தையல் போடும்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. உடன் வந்தவர் பெயர் என்று டாக்டர் கேட்டார், இல்லை என்றேன். வீட்டுக்குப் போன் செய்யவா என்றார்கள், நானே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒற்றைக் கையோடு பஸ்ஸில் வந்தேன். எல்லாம் எதற்கு? அந்த இடம் உனக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. நீ என்னவென்றால் ஒரு மெக்கானிக் நாற்காலியில் குதித்தான் என்று அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாய்! அவன் நடித்தால் நடித்துவிட்டுப் போகட்டுமே, எனக்கு என்ன குறைந்துவிடப்போகிறது? என்னிடம் படித்த ஒவ்வொருவனும் நான் திரும்பினால் என்னைப் போல நடித்துக் காட்டியவன்தான்.

இதை எழுதி முடித்துவிட்டு நடந்து வரப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் உன் கடிதம் உன் அம்மா கையில் இருந்தது. மேஜையில் நீ சொன்ன அந்த ஒரு வரியைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். என்னையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். நான் ஏற்கெனவே படித்ததுதான் என்று சொன்னேன். "இன்னொரு தடவை கேளுங்க" என்றாள். கேட்டேன். அதற்குப் பிறகு உன்னைத் திட்ட எனக்கு வரவில்லை, ஆனால் மேலே எழுதியதை அடிக்கவும் மனம் வரவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது? என்னைத் தெரியாது என்று நில் என்று நீ சொன்னாய், சரி என்று ஒப்புக்கொண்டவன் நான். ஆனால் வலித்தது. தாடையைச் சொல்லவில்லை. அதை மறைப்பானேன்?

இனி என்ன செய்வதாக உத்தேசம்? ஆடிட்டர் ஆபீஸில் உன் நாற்காலியில் வேறு ஆள் வந்தாயிற்று. நான் விசாரிக்கவில்லை, அம்மாதான் விசாரித்தாள். நீ வீட்டுக்கு வந்தால் சந்தோஷம். ஆனால் இதற்காகத் தோற்றுப்போய் வராதே. அப்படி வந்தால் நீ நாள் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாய், என்னால் தாங்க முடியாது.

கேப்டனுக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். என் பெயரிலேயே.

அப்பா


ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கேப்டன் என்னிடம் காட்டினாள். ஒரு பக்கம் மன்னிப்பு, ஒன்றரைப் பக்கம் எலும்பு முறிந்தவர்கள் மறுபடி வண்டி ஓட்டத் தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை. தலைப்பெல்லாம் போட்டு! எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. யார் கேட்டார்கள் உங்களிடம்? அவள் அதை மடித்து வைத்துக்கொண்டு, "உங்க அப்பா எப்பவும் இப்படித்தானா?" என்றாள். எப்போதும் இப்படித்தான் என்றேன். மூன்று வாரத்தில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. நட்பு ஒன்றும் ஆகிவிடவில்லை, உப்பை எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு வந்திருக்கிறோம்.

மேனேஜர் என்னை ஒரு சின்ன மலைப் பந்தயத்துக்கு அனுப்புகிறார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு. இரண்டாம் அணியோடு. அதில் எப்படி ஓட்டுகிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசுவாராம். மலை எனக்கு வராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் வீட்டுக்குத் தோற்றுப்போய் வரக் கூடாது என்று நீங்களே உத்தரவு போட்டுவிட்டீர்கள். வேறு வழியில்லை.

நீங்கள் சமதரையில் நின்றீர்கள், அதனால்தான் மூன்று முறையும் ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே உங்களுக்கு! சாலையோரத்தில் நிற்பதென்றால் மலையில் நிற்க வேண்டும். உச்சிக்கு முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அங்கே அவ்வளவு செங்குத்து, எல்லோரும் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுவோம். முகம் தெரியும். யார் என்ன பாடு படுகிறார்கள் என்று நன்றாகவே தெரியும். வளைவின் உட்பக்கம் நிற்காதீர்கள், கார்கள் ஒட்டி வரும். அம்மாவுக்குக் குடை கொண்டுவாருங்கள், நிழல் கிடையாது. சைக்கிளில் வரக் கூடாது. அதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், பஸ்ஸில் வாருங்கள்.

பக்கத்தில் நிற்கிறவர்கள் யாராவது கேட்டால் என் மகள் என்றே சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். பென்ஷனைப் பற்றி மட்டும் வேண்டாம்.

முதலில் ஒரு கூட்டம் வரும். அதில் நான் இருக்க மாட்டேன். அடுத்து இரண்டு மூன்று பேராக வருவார்கள். அதிலும் இருக்க மாட்டேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் கை தட்டிவிட்டு மூட்டை கட்டிக் கிளம்ப ஆரம்பிப்பார்கள். கடைசி வண்டி போய்விட்டது என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் நான் அந்த வழியாகத்தான் வருவேன். அப்பா, நான் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.

மகள்